மடிப்புக் கலையாத பாம்புச் சட்டை

“கடிக்குமா, கடிக்காதா? அதை மட்டும் சொல்லுங்க சார்.”

“விஷம் கிடையாது தம்பி.”

“நான் ஒரு கேள்வி கேட்டா, நீங்க பக்கத்துக் கேள்விக்குப் பதில் எழுதறீங்க.”

“பயந்துட்டா பந்து மாதிரி சுருண்டு, தலையை நடுவுல ஒளிச்சுக்கும். அவ்வளவுதான். பதினொரு வருஷத்துல என்னை ஒரு தடவைகூடக் கடிச்சதில்லை.”

“உங்க அலமாரியில இருநூறு பல்லு இளிச்சுக்கிட்டு இருக்கு. திருப்பிக் கடிச்சிடுவீங்கன்னு அதுக்குப் பயம் இருந்திருக்கும்.”

“தம்பி,” என்றது கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல். “வாயை மூடிக்கிட்டுக் கண்ணைத் திற.”

குரலுக்குச் சொந்தக்காரி அண்ணி. தொலைந்த பொருள், தொலைந்த மனிதர், தொலைந்துவிட்டதாகச் சொல்லப்படும் பொருள் ஆகிய மூன்றையும் தேடிக் கொடுப்பது அவள் தொழில். அதற்கு முன்னால் இருபது வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக, எரிந்துபோன கடைகளைப் பார்வையிட்டவள். எதிரில் ஒருவர் அழுதால் முதலில் அவர் கைக்குட்டை நனைந்திருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது.

வாயை மூடச் சொல்லப்பட்டவன் அவளுடைய கணவனின் தம்பி. வயது முப்பத்துமூன்று ஆகி முன்வழுக்கையும் விழுந்துவிட்டாலும் வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன்தான். லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன், மேலதிகாரியைப் பற்றி லிப்டுக்குள் ஒரு நகைச்சுவை சொன்னான். மேலதிகாரியும் அதே லிப்டில் பின்னால் நின்றிருந்தார். அதன்பிறகு அண்ணியின் உதவியாளன் ஆனான். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். சின்னவன் ஒற்றை ஆள். எனவே ஒரு படை பங்குபோட்டுக்கொள்ள வேண்டிய நடுக்கம் முழுவதையும் அவன் ஒருவனே நடுங்க வேண்டியிருந்தது.

அவர்களை வரவழைத்தவர் மூன்றாம் மாடிக்காரர். செயற்கைப் பல் செய்பவர். கட்டடத்தில் எல்லோருக்கும் பல்செட் சார். வேலைமேஜை ஓரத்தில் ஆர்டர் தேதிகள் எழுதும் ஒரு பலகை. மேஜைக்கு மேலே அலமாரியில் சுண்ணாம்புத் தாடைகள் வரிசையாக உட்கார்ந்து, யாரோ சொன்ன நகைச்சுவைக்கு ஒரே நேரத்தில் சிரித்தபடி உறைந்திருந்தன. அவர் வளர்த்த பாம்பு வேறு கண்டத்தில் பிறந்த இனம். அதை வளர்க்க, அனுமதி அலுவலகத்தின் சீட்டு வேண்டும். கை தடிமன், நான்கடி நீளம், பழுப்பில் பொன்திட்டுகள். அது காணாமல் போய் ஒன்பது நாள் ஆகிறது.

அதைவிட முக்கியம், மணி மூன்றே கால் ஆகிறது. ஐந்து மணிக்குப் பூச்சிமருந்து ஆட்கள் வருகிறார்கள். அடித்தளத்திலிருந்து மொட்டைமாடி வரை குழாய்ச்சந்து, லிப்ட் கிணறு ஒன்று விடாமல் விஷப்புகை போடுவார்கள். பாம்புக்குப் பயந்து குடியிருப்போர் சங்கம் எடுத்த முடிவு. பாம்பு கட்டடத்துக்குள் எங்காவது இருந்தால் ஐந்தே காலுக்கு அது இருக்காது.

அண்ணி கண்ணைத் திறக்கச் சொன்னதால் சின்னவன் திறந்தான்.

கண்ணாடிப் பெட்டி பளபளவென்று துடைத்திருந்தது. மூடியில் இரண்டு கொக்கிகள். பாம்புக்குக் கையே இருந்தாலும் திறக்கச் சிரமப்படும். தண்ணீர்க் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சூட்டுக்காக மாட்டியிருந்த விளக்கின் வயரைக்கூடச் சுற்றி ரப்பர் பட்டை போட்டிருந்தார்கள். சுவரில் நான்கைந்து இடங்களில் படம் மாட்டியிருந்த வெளிறிய சதுரங்கள் மட்டும் இருந்தன. ஒரே ஒரு படம் மிஞ்சியிருந்தது. கண்ணாடிச் சட்டத்துக்குள் நீளமான ஒரு பாம்புச் சட்டை, புகை போல.

“இது வளையல் உரிச்சதா?” என்று அண்ணி கேட்டாள்.

பல்செட் சார் திடுக்கிட்டார். “பேரு உங்களுக்கு எப்படி…”

“சாப்பாட்டு அட்டையில எழுதியிருக்கீங்க.” பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கிய அட்டையை அவள் தொட்டாள். பதினொரு வருடக் கையெழுத்து. ‘வளையல் இன்று சாப்பிட்டது.’ ‘வளையல் சட்டை உரித்தது.’ கடைசி வரி பத்து நாளைக்கு முந்தியது: ‘வளையல் கண் மங்கல். சாப்பாடு வேண்டாம்.’ “கண் மங்கினா?”

“சட்டை உரிக்கப் போகுதுன்னு அர்த்தம்மா. ஒரு வாரத்துல உரிச்சிடும். மூக்குல ஆரம்பிச்சு, வாய் ஓரத்தை எதுலயாவது தேய்ச்சு, தன்னைத்தானே கழட்டிட்டு வெளிய வந்துடும். காத்துல ஈரம் இருந்தா ஒரே உருப்படியா வரும். காய்ஞ்சு கிடந்தா துண்டு துண்டாத்தான்.”

பேசும்போது மட்டும் அவர் முகத்தில் விளக்கு எரிந்தது. பேச்சு நின்றதும் அணைந்தது. அண்ணி படத்துக்கு அருகில் போய், பாம்பின் கண் இருந்த இடத்தில் தெரிந்த இரண்டு சின்னக் குழிகளை வெகு நேரம் பார்த்தாள்.

சின்னவன் உட்கார இடம் தேடினான். இருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றின்மேல் இஸ்திரி போட்ட தலையணை உறை ஒன்று தனியாக இருந்தது. மற்ற சலவைத் துணிகள் அலமாரியில் அடுக்கியிருந்தன. அவன் உறையை எடுத்து ஓரம் வைக்கக் கை நீட்டினான்.

“அதைத் தொடாதீங்க.”

குரல் உயரவில்லை. ஆனாலும் சின்னவன் நெருப்பைத் தொட்டவன்போல் கையை இழுத்துக்கொண்டான். பல்செட் சார் தலையைத் தடவிக்கொண்டார். “இல்ல… சுத்தமா இருக்கட்டும்னுதான்.” பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அண்ணியிடம் நீட்டினார். “கிடைக்கலைன்னாலும் பரவாயில்லைம்மா. நீங்க தேடினீங்கன்னு அனுமதி ஆபீஸுக்கு ஒரு காகிதம் வேணும். டைப் பண்ணியே வெச்சிட்டேன். கையெழுத்துப் போட்டா போதும்.”

அண்ணி வாசித்தாள். மடித்துப் பைக்குள் வைத்தாள். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. அவள் முகம் இப்படி அசையாமல் இருந்தால் உள்ளே எல்லாம் அசைந்துகொண்டிருக்கிறது என்று சின்னவனுக்குத் தெரியும்.

அப்போது கீழிருந்து நீளமாக ஒரு விசில் கேட்டது.

*

விசில் ஊதியவர் சங்கச் செயலாளர். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். ரயில்கள் அவரை விட்டுப் போய்விட்டன, விசில் மட்டும் தங்கிவிட்டது. மாடிப்படி ஏறி வந்து, கையிலிருந்த பாலிதீன் பையை உயர்த்திக் காட்டினார்.

“காலையில பின்பக்க வேலியில தொங்கிச்சு. இது உங்க ஜந்துவோட சட்டைதானே?”

பல்செட் சார் பையை வாங்கினார். நெற்றிப் பகுதியைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். “இதேதான். நெத்தித் திட்டு… இதேதான்.” பிறகு, யாரும் எதிர்பாராத வகையில், நிம்மதிப் பெருமூச்சு விட்டார். “வெளியே இருக்கு. நல்லாத்தான் இருக்கு.”

“வெளியே இருந்தா சந்தோஷமா உங்களுக்கு?” என்றார் செயலாளர். “வெளியே போனது உள்ளே வர எத்தனை நேரம்? புகை புகைதான். நாலே முக்காலுக்கு எல்லாரும் வாசலுக்கு வந்துடணும். நான் கேட்ல நிப்பேன். பை, பெட்டி, குடை எதையும் திறந்து காட்டாம ஒருத்தரும் போக முடியாது. யாராவது அதை ஒளிச்சு வெச்சிருந்தீங்கன்னா…” அவர் பல்செட் சாரையும் அண்ணியையும் சின்னவனையும் அலமாரித் தாடைகளையும் ஒரே சந்தேகத்துடன் பார்த்தார். “ஒளிச்சு வெச்சவங்க வேலையிலயும் இருக்க முடியாது, வீட்டிலயும் இருக்க முடியாது.”

படியிறங்கும்போது சின்னவன் கிசுகிசுத்தான். “அண்ணி, எனக்கு விசில்மேலதான் சந்தேகம். பாம்பு போறதுக்குக் கொடி காட்டினதே இவராத்தான் இருக்கும்.”

“ஏன்?”

“மூஞ்சி.”

“மூஞ்சியை வெச்சுப் பிடிக்கிறதா இருந்தா உன்னை நாலு தடவை பிடிச்சிருக்கணும்.”

“அப்போ யார்மேல?”

“நம்மள வரச் சொன்னவர்மேல.” அண்ணி பையிலிருந்த தாளைத் தட்டினாள். “‘முழுமையாகத் தேடினோம், கிடைக்கவில்லை.’ நாம தேடறதுக்கு முன்னாடியே கிடைக்கலைன்னு டைப் அடிச்சு வெச்சிருக்கார். ஓடிப்போன பொண்ணு திரும்பி வரும்னு நெனைக்கிற அம்மா வாசல் விளக்கை அணைப்பாளா? இவர் விளக்கை அணைச்சு, வயரைச் சுத்தி, ரப்பரும் போட்டுட்டார்.”

“ஒருவேளை அவரே கொன்னுட்டாரோ?”

“கொன்னவன் படத்தைத்தான் முதல்ல கழட்டுவான். இவர் மத்ததையெல்லாம் கழட்டிட்டு அந்தப் படத்தை விட்டு வெச்சிருக்கார்.”

சின்னவன் அதற்குப்பின் இரண்டு படி பேசவில்லை. அது அவனுக்குப் பெரிய சாதனை.

*

பின்பக்க வேலி நாற்பது நாள் மழை காணாமல் காய்ந்து, தொட்டால் பொடியாகிற நிறத்தில் நின்றது. சட்டை தொங்கிய கிளையைச் செயலாளர் சிவப்பு நாடா கட்டி அடையாளம் செய்திருந்தார். அண்ணி, பல்செட் சாரிடம் கேட்டு வாங்கி வந்திருந்த பாலிதீன் பையிலிருந்து பாம்புச் சட்டையை எடுத்து உள்ளங்கைமேல் பரப்பினாள். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஒரு கிழிசல் இல்லை. சின்னவன் நாலடி தள்ளி நின்றான். பாம்பின் நீளமும் நாலடி என்று நினைவு வந்ததும் இன்னும் ஓரடி தள்ளிப் போனான்.

போன இடத்தில் முள் காத்திருந்தது.

“அம்மா,” என்று அலறிக்கொண்டே உட்கார்ந்தான். வேலியோரத்து முள்விதைகள் இரண்டு கணுக்காலிலும் அப்பியிருந்தன. ஷூவைக் கழற்றி, காலுறைகளை இழுத்து உருவி, முணுமுணுத்தபடி ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கினான். “பாம்பு கடிக்குமான்னு கேட்டேனே தவிர, செடி கடிக்குமான்னு கேட்டேனா? கேட்கலை. என் தப்பு.”

நிமிர்ந்தபோது அண்ணி அவனுடைய காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாத்தம் அவ்வளவு தூரம் வருதா?”

“கழட்டினியே, எந்தப் பக்கம் வெளிய இருக்கு?”

சின்னவன் பார்த்தான். “உள்பக்கம்.”

“இழுத்து உருவினா உள்பக்கம்தான் வெளிய வரும். பாம்பும் அப்படித்தானே தன்னை உருவிக்குது? மேல படத்துல இருக்கறதுல கண் இருந்த இடம் குழியா இருக்கு. உள்பக்கம் வெளிய. இதைப் பாரு.”

அவள் சட்டையின் தலைப்பகுதியை வெயிலில் பிடித்தாள். கண் இருந்த இடங்களில் இரண்டு சின்னக் குமிழ்கள், கண்ணாடித்துளி போல வெளியே பார்த்தன.

“யாரோ இதைப் பொறுமையா, கிழியாம, திரும்பப் புரட்டி நேராக்கியிருக்காங்க,” என்றாள் அண்ணி. “அதுமட்டும் இல்லை. தடவிப் பாரு.”

“நீங்களே தடவிட்டு எனக்குச் சொல்லுங்க.”

“மடிப்பு. சரியா நாலா மடிச்சு, மேல ஏதோ கனமா வெச்சு அழுத்தின மடிப்பு. எந்தப் பாம்பு தம்பி சட்டையைக் கழட்டி, புரட்டி, நாலா மடிச்சு, வேலியில காயப் போடும்?”

“நல்ல குடும்பத்துப் பாம்பு.”

“இந்தக் காய்ஞ்ச வேலியில உரிச்சிருந்தா துண்டு துண்டா இருக்கணும். ஈரத்துல உரிச்சிருக்கு. அந்த இனத்துக்குச் சூடும் வேணும். நீ எத்தனையோ கட்டடத்துக்கு அடியில புகுந்து வந்தவன். சூடும் ஈரமும் ராத்திரி பகல் சேர்ந்தே இருக்கற இடம் எது?”

சின்னவன் தலையைச் சொறிந்தான். இந்தக் கேள்விக்கு நகைச்சுவை தேவையில்லை, பதிலே தெரியும். “லிப்ட் மோட்டார் ரூம் சூடு, ஆனா காய்ஞ்சிருக்கும். தண்ணித் தொட்டி ஈரம், ஆனா ஜில்லுனு இருக்கும். ரெண்டும் சேர்ந்துன்னா…” அவன் கண்கள் தரையோடு தரையாக இருந்த ஒரு சிறிய ஜன்னலுக்குப் போயின. வேலியிலிருந்து பத்தடி. அதற்குப் பக்கத்தில் சுவரில் வட்டமான ஒரு துளை, உஷ்ணக்காற்றைப் பெருமூச்சுபோல் விட்டுக்கொண்டிருந்தது. “அடித்தளம். சலவை ரூம்.”

மணி நாலு பத்து. அவன் வெறுங்காலில் ஷூவை மாட்டிக்கொண்டு, காலுறைகளைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட எடுத்தான். “அதை என்கிட்டக் குடு,” என்றாள் அண்ணி. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் காலுறையை அவள் கேட்டதே இல்லை.

*

சலவை அறை, மழைக்கு முந்திய பிற்பகல்போல் கனத்திருந்தது. பெரிய உலர்த்தும் இயந்திரம் உருண்டுகொண்டிருந்தது. சுவரோரம் வெந்நீர்க் குழாய்கள். அவற்றை ஒட்டி ஒரு மர அலமாரி, கதவில் தென்னங்குச்சி அளவுக்குக் காற்றுத்துளைகள். மேலே அந்தச் சிறிய ஜன்னல். அதன்வழியே உலகம் கணுக்கால் வரைதான் தெரிந்தது.

இஸ்திரி மேஜைக்குப் பின்னால் நின்றவளைக் கட்டடம் முழுக்கச் சலவை அக்கா என்றது. ஐம்பது வயது இருக்கும். கைகள் மட்டும் அவளைவிட இளையவை, ஓயாதவை. பதினான்கு வருடமாக இந்த அறையில் வேலை. பின்னால் திரை மறைத்த மூலையில்தான் வீடும்.

“பாம்பா? எனக்கென்னம்மா தெரியும். துணியைத்தான் தெரியும்,” என்றாள், கேட்பதற்கு முன்பே.

“நாங்க பாம்பைப் பத்தி இன்னும் கேட்கவே இல்லையே அக்கா,” என்றான் சின்னவன்.

“வேற எதுக்கு வருவீங்க? கட்டடமே அதைத்தானே பேசுது.”

சரியான பதில். ஆனால் பதில் சொல்லும்போது அவள் மேஜையைச் சுற்றி வந்து அலமாரிக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள். அந்தக் கதவுக்கு ஒரு நாற்காலி வேறு முட்டுக்கொடுத்திருந்தது. சின்னவனுடைய முதுகில் ஏதோ ஊர்ந்தது. வியர்வைதான் என்று அவன் தனக்குத்தானே மூன்று தடவை சொல்லிக்கொண்டான்.

“உங்களுக்குப் பயமா இல்லையா?” என்று அண்ணி கேட்டாள். “புகை முதல்ல இங்கதான் போடுவாங்களாமே. நீங்க எதையுமே எடுத்து வைக்கலை.”

“வைக்கணும். வைக்கணும்.” இயந்திரம் ஒரு சுற்று நின்றது. மேலே ஜன்னலில் இரண்டு ஜோடிக் கால்கள் அவசரமாகப் போயின. “மேல் வீட்டு டிரைவர், அவர் சம்சாரம்,” என்றாள் பழக்கதோஷத்தில். “அவர் எப்பவும் ஒரு சாக்ஸை ஏத்தி ஒண்ணை இறக்கித்தான் போடுவார்.”

“சாக்ஸ்னதும் ஞாபகம் வருது.” அண்ணி சின்னவனின் காலுறைகளை நீட்டினாள். “இவன் முள்ளுல மிதிச்சிட்டான். இந்த ஜோடியை எப்போ துவைச்சுத் தர முடியும்?”

“நாளைக்குக்கூட முடியாதும்மா. இன்னிக்குப் புகை போட்டா ரெண்டு நாளைக்கு யாரையும் விடமாட்டாங்களே. செயலாளர் ஐயா முதல்லயே சொல்லிட்டார்…” சலவை அக்கா பேசிக்கொண்டே வாங்கினாள். பார்வை அண்ணியின் முகத்தில். கைகள் தங்கள்பாட்டில் வேலை செய்தன. ஒரு காலுறைக்குள் கையை விட்டு நுனியைப் பிடித்து நேராகப் புரட்டின. மற்றதையும் புரட்டின. ஒன்றின்மேல் ஒன்றை வைத்துத் தடவி, நாலாக மடித்து, மேஜைமேல் வைத்து, உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தின.

பிறகுதான் அவள் குனிந்து பார்த்தாள். தூசியும் முள்ளும் ஒட்டிய அழுக்குக் காலுறை, கடையில் வாங்கியதுபோல் மடிந்து உட்கார்ந்திருந்தது.

“பாருங்க,” என்று சிரிக்க முயன்றாள். “அழுக்கையே மடிச்சு வெச்சிட்டேன்.”

அண்ணி பாலிதீன் பையிலிருந்து பாம்புச் சட்டையை எடுத்து, அதன் மடிப்புகளின்படியே மடித்து, காலுறைக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் ஒரே மடிப்பு. ஒரே கை.

சலவை அக்காவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. இயந்திரம் மறுபடி உருளத் தொடங்கி, யாரோ தூரத்தில் ரயில் ஓட்டுவதுபோல் சத்தமிட்டது.

“எதையும் மடிக்காம கீழ வெக்க எனக்குத் தெரியாதும்மா,” என்றாள் கடைசியில். “வேலியில போடறதுக்கு எடுத்துட்டுப் போறேன், அப்பவும் மடிச்சுதான் எடுத்துட்டுப் போறேன். சட்டை வெளிய கிடைச்சா, பாம்பு வெளிய போயிடுச்சுன்னு புகையை நிறுத்திடுவாங்கன்னு நெனச்சேன். நிறுத்தலை.”

“எத்தனை நாளா அலமாரியில இருக்கு?”

“ஒன்பது.”

“அப்போ நீங்கதான் திருடினீங்களா அக்கா?” என்று சின்னவன் கேட்டான். கேட்டபின் வருத்தமாக இருந்தது.

அவள் முதன்முறையாக நிமிர்ந்து அவனை நேராகப் பார்த்தாள். “நான் எதுக்குத் திருடணும் தம்பி? போட்டுட்டுப் போனதைத்தான் எடுத்தேன்.” ஜன்னலைக் காட்டினாள். “அன்னிக்கு சாயங்காலம் அந்த வேலிகிட்ட ரெண்டு கால் வந்து நின்னுச்சு. பழுப்பு சாக்ஸ். வலது குதிகால்ல நீல நூல். நான் தச்சது, அன்னிக்குப் பழுப்பு நூல் தீர்ந்துபோச்சு. இந்தக் கட்டடத்துல யார் சாக்ஸ் யாருதுன்னு எனக்குத் தெரியாதா? தலையணை உறை ஒண்ணு தரையில இறங்குச்சு. உள்ள ஏதோ நெளியுது. அந்தக் கால் போகவே இல்லை. அரை மணி நேரம் நின்னுச்சு. அப்புறம் போச்சு.”

அண்ணி ஜன்னல் வழியே வேலியை அண்ணாந்து பார்த்தாள்.

“பல்செட் சார்,” என்றான் சின்னவன் மெதுவாக.

“அது எங்கயும் போகலை. ராத்திரிக் குளிர்ல என்ன பண்ணும், பாவம். நேரா அந்தச் சூடு வர்ற ஓட்டையில நுழைஞ்சு, நான் மடிச்சு வெச்ச துண்டுமேல வந்து சுருண்டுக்கிச்சு. மறுநாள் காலையில போய் அந்த உறையை எடுத்துட்டு வந்தேன். துவைச்சு, இஸ்திரி போட்டு, அவர் துணி அடுக்குல எல்லாத்துக்கும் மேல வெச்சு அனுப்பினேன். புரிஞ்சுக்குவார், ஒரு தடவை இறங்கி வந்து கேட்பார்னு.” அவள் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கை உருவினாள். “வரலை.”

நாற்காலியில் தனியாக இருந்த உறை சின்னவனுக்கு ஞாபகம் வந்தது. தொடாதே என்று சொன்ன அந்தக் குரலும். மிரட்டுகிற குரல் என்று அப்போது நினைத்திருந்தான்.

“இருபதாம் தேதிக்கு அப்புறம் அவர்கிட்டப் பல்லுக்கு ஒரு ஆர்டர்கூட இல்லை,” என்றாள் அண்ணி. “அவர் மேஜையோரப் பலகையில பார்த்தேன். ஊரை விட்டுப் போறார், இல்லையா?”

“மக கிட்ட. கடலுக்கு அந்தப் பக்கம். கூட்டிட்டுப் போக விடமாட்டாங்களாம். அனுமதி ஆபீஸ்ல ஒப்படைச்சா, வெளிநாட்டு இனம், வெச்சுக்க இடமில்லைன்னு ஊசி போட்டுக் கொன்னுடுவாங்களாம். துணி போட வரும்போதெல்லாம் அதைப் பத்தி வாய் ஓயாம பேசறவர் அவர். கடைசி மாசம் பேச்சே இல்லை.”

“பாம்பும் சாகணும், கோலும் முறியக் கூடாதும்பாங்க,” என்றான் சின்னவன். “இவர் பாம்பும் சாகக் கூடாது, கோலும் முறியக் கூடாதுன்னு பார்த்திருக்கார்.”

“வெளிய விட்டா ஒண்ணு அது செத்திருக்கும். இல்லைன்னா இங்க இருக்கற குருவிக்குஞ்செல்லாம் செத்திருக்கும்,” என்றாள் அண்ணி. குரலில் கோபம் இருந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. “அதனால நமக்கு ஒரு காகிதம் டைப் அடிச்சுட்டார். கிடைக்கலைன்னு நான் எழுதிட்டா யாரும் தேடமாட்டாங்க. அது எங்கயோ நல்லா இருக்குன்னு நெனச்சுக்கிட்டுக் கப்பல் ஏறலாம்.”

மேலிருந்து விசில் ஒலித்தது. ஒன்று நீளம், இரண்டு குட்டை. தொடர்ந்து கனமான பூட்ஸ்கள் ஜன்னலைக் கடந்தன. நான்கு ஜோடி. யாரோ இரும்பு உருளை ஒன்றைத் தரையில் இழுத்தார்கள். மணி நாலு நாற்பத்திரண்டு.

சலவை அக்கா அதற்குமேல் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. நாற்காலியை நகர்த்திக் கதவைத் திறந்தாள். உள்ளே வெள்ளைத் துண்டுகளின் அடுக்கின்மேல், புதுத்தோலின் மினுமினுப்போடு, பெயருக்கேற்ற வட்டமாக வளையல் சுருண்டிருந்தது. சின்னவன் அதுவரை பாம்பு என்றால் பாய்கிற ஒன்றாகத்தான் நினைத்திருந்தான். இது தலையை நடுவில் புதைத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று நம்ப முயன்றுகொண்டிருந்தது. பரீட்சை முடிவு வரும் நாளில் போர்வைக்குள் அவனும் அப்படித்தான் படுத்திருப்பான்.

அவள் துண்டுகளோடு சேர்த்து அதைத் தூக்கி, இரண்டு பிடி வைத்த பெரிய பிரம்புக்கூடையில் இறக்கினாள். மேலே ஒரு துண்டு. அதன்மேல் இன்னொன்று. ஓரங்களைச் சொருகினாள்.

“என் தங்கை வீட்டுல பழைய மீன்தொட்டி இருக்கும்மா. மூடி செஞ்சிட்டேன். விளக்கும் வாங்கிட்டேன். சாமர்த்தியமா வளர்த்துடுவேன், அவர் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். அனுமதிச் சீட்டு மட்டும் இல்லை.” அவள் அண்ணியின் கையைப் பார்த்தாள். அண்ணி பல்செட் சாரின் தாளை எடுத்து மேஜைமேல் விரித்திருந்தாள். முழுமையாகத் தேடினோம், கிடைக்கவில்லை. பேனாவின் மூடி திறந்திருந்தது. நுனி காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே அசையாமல் நின்றது. இருபது வருடமாகப் பொய்க் கணக்கு ஒன்றில்கூடக் கையெழுத்துப் போடாதவள் அவள். அதைச் சொல்லிச் சொல்லித்தான் சின்னவனை வேலைக்கே சேர்த்தாள்.

“நான் தனியா எடுத்துட்டுப் போனா கேட்ல திறக்கச் சொல்லுவார்,” என்றாள் சலவை அக்கா. “தேட வந்த நீங்களே கூட வந்தா, பார்த்தாச்சுன்னு விட்டுடுவார். சாய்க்காம, ஆட்டாம எடுத்துட்டுப் போகணும். ஒரு ஆளால ஆகாது.”

படிகளில் பூட்ஸ் சத்தம் இறங்கத் தொடங்கியது. சின்னவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி காகிதத்தைப் பார்த்தாள். துண்டுக்கு அடியில் ஏதோ ஒன்று, மூச்சு வாங்குவதுபோல, ஒரே ஒரு தடவை உயர்ந்து தாழ்ந்தது.

சலவை அக்கா கூடையின் ஒரு பிடியைப் பற்றிக்கொண்டு அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

“தம்பி, அந்தப் பக்கம் ஒரு கை பிடிக்கறீங்களா?”